ஏழாம் சேனல்

ராசிபுரம் சாரதாமணிக்கு நாற்பத்தைந்தாவது வயதில் தன் வலது கட்டைவிரலின் மேல் கோபம் வந்தது. வேறு யார் மேலும் அப்போது அவளுக்குக் கோபம் இல்லை. அது பிறகு வந்தது.

பதினான்கு வருடமாக அவள் பேஸ் கிட்டார் வாசித்து வந்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தடித்த கம்பிகளின் மேல் மாறி மாறி நடக்கும். கட்டைவிரல் மட்டும் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்கிற கறுப்புக் கட்டையின் விளிம்பில் சாய்ந்திருக்கும். கை ஆடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே அதன் வேலை. அப்படி ஓரத்தில் உட்கார்ந்தே பழகிய விரலை ஒருநாள் எழுப்பி, இனி நீதான் அடிக்க வேண்டும் என்றால் அது என்ன செய்யும்? எழுந்தது, அடித்தது, அடித்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

ஸ்லாப் வாசிப்பில் அப்படி உட்காரக் கூடாது. கிட்டாரின் கழுத்து முடிகிற இடத்தில், கட்டைவிரலின் எலும்புப் பக்கத்தால் கம்பியை ஓர் அடி அடித்து அந்தக் கணமே விலகிவிட வேண்டும். கம்பி கீழே இருக்கும் உலோகப் பட்டையில் மோதிக் கணீரென்று எழும். உடனே ஆள்காட்டி விரல் அடுத்த கம்பியைக் கொக்கி போட்டு இழுத்துத் தெறிக்க விட வேண்டும். இதோடு ஸ்ட்ரம் என்று இன்னொன்று. நகங்களின் முதுகால் நான்கு கம்பிகளையும் ஒரே வீச்சில் வாரிவிடுவது. வேண்டாத கம்பிகளை இடது கை அடக்கிப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் நான்கும் சேர்ந்து புலம்பும். சாரதாமணியின் கிட்டார் ஆறு மாதம் புலம்பியது.

அவள் ஆசைப்பட்டு இந்த வாத்தியத்துக்கு வந்தவள் அல்ல. கணவர் பாலசுந்தரம் பகலில் சேலை மொத்தக் கடையில் விற்பனையாளர், முகூர்த்த நாட்களின் மாலையில் 'சிற்றோடை இன்னிசைக் குழு'வின் உரிமையாளர், பாடகர், அறிவிப்பாளர். குழுவில் பேஸ் வாசித்தவர் ஒரு வைகாசி மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். கச்சேரிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. வீட்டு முன்கட்டில் இரண்டு விசைத்தறிகளைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியிடம் பாலசுந்தரம் கிட்டாரைக் கொண்டுவந்து நீட்டினார்.

"மூவாயிரம் இழைய ஒண்ணொண்ணா முடிஞ்சு பாவு புணைக்கறவ நீ. இதுல நாலே கம்பிதான், மணி. புடி."

பிடித்தாள். ஒன்பது நாளில் பதினெட்டுப் பாட்டுக்கு வேண்டிய அடிசுரங்களை விரலில் ஏற்றினாள். அதன் பிறகு எந்தக் கச்சேரியிலும் யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. குறை சொல்லப்படாததை அவள் நிறை என்று எடுத்துக்கொண்டாள். அது அவசரமான முடிவு. ஆனால் அப்படியொரு முடிவை நம்பித்தான் நம்மில் பலர் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

கச்சேரி பாதி ஆனதும் கலைஞர்கள் அறிமுகம் வரும். இந்தப் பக்கத்துக் குழுக்களில் அது இல்லாமல் கச்சேரி கிடையாது. பேர் சொன்னதும் அவரவர் தம் கைவரிசையைக் காட்ட வேண்டும். ட்ரம்ஸ்காரர் ஒரு நிமிடம் உருட்டி எடுப்பார். கீபோர்டு வாசிக்கும் கௌதமன் கண்ணை மூடிக்கொண்டு பத்து விரலாலும் ஓடுவான். பேஸின் முறை வரும்போது பாலசுந்தரம், "பேஸ் கிட்டார், திருமதி சாரதாமணி" என்பார். அவள் 'டும் டும்' என்று இரண்டு தட்டு தட்டுவாள். அந்த இரண்டாவது 'டும்' முடிவதற்குள், "அடுத்ததாக உங்கள் நெஞ்சை அள்ள வருகிறது" என்று அவர் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் கை கழுவும் இடத்தில் ஓர் அம்மாள் அவளிடம் கேட்டாள்: "ஏனுங்க, அந்த நீளக் கிட்டார வெச்சுட்டு நீங்க என்னுங்க பண்றீங்க? நானும் பாத்துட்டே இருக்கறேன், வெரலு ஓடுது, ஒண்ணும் கேக்க மாட்டீங்குது."

அந்த அம்மாளுக்குக் காது மந்தம் என்று சாரதாமணி நினைத்துக்கொண்டாள். என்றாலும் கேள்வி உறுத்தியது. மறுநாள் காலையில் கணவரிடம் சொன்னாள்: "அறிமுகத்துல எனக்குப் பதினாறு எண்ணற வரைக்கும் டைம் வேணுங்க."

"பதினாறு எண்ணி என்ன பண்ணுவ? டும் டும்னு பதினாறு தடவ தட்டுவியா? ஸ்லாப் வாசிக்கறாங்க பாரு செல்போன்ல, அந்த மாதிரி ஏதாச்சும் கத்துக்கிட்டு வா. தாரேன்."

அவள் கற்க மாட்டாள் என்ற துணிச்சலில் கொடுத்த வாக்கு அது. அவள் அதை வாக்காகவே வாங்கிக்கொண்டாள். ஆவணியில் சேந்தமங்கலத்தில் ஒரு பெரிய இடத்து ரிசப்ஷன் இருந்தது. அதில் அந்தப் பதினாறு எண்ணிக்கை தனக்கு என்று முடிவு செய்தாள்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடியில் கிட்டார் வகுப்பு நடந்தது. சொல்லித்தருபவள் ஷாலினி, இருபத்து மூன்று வயது. சனிக்கிழமைதோறும் சாரதாமணி கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறுவாள். கண்டக்டர்களில் பாதிப் பேர் அதைத் தறிச் சாமான் என்று நினைத்தார்கள்.

"கைய லூசா விடுங்க ஆன்ட்டி."

"லூசாத்தானுங்க டீச்சர் விட்டிருக்கறேன்."

"பல்லக் கடிச்சுட்டு இருக்கீங்க. டீச்சர்னு வேற கூப்பிடாதீங்க, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. உங்க பொண்ணு வயசுதான் எனக்கு."

"வயசு கெடக்குதுங்க. சொல்லித் தாரவங்க டீச்சருதான். நீங்க மொதல்ல என்னைய ஆன்ட்டிங்கறத உடுங்க. ஒவ்வொரு தடவையும் சுருக்குங்குது."

"அப்புறம் எப்படிக் கூப்பிடறது?"

அதன் பிறகு ஆறு மாதமும் ஒருவரையொருவர் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலேயே பாடம் நடந்தது.

அடித்துவிட்டு விலகுவதற்கே இரண்டு மாதம் போயிற்று. கட்டைவிரலின் ஓரத்தில் கொப்புளம் எழுந்து உடைந்து மறுபடி எழுந்தது. அந்த விரலோடு பழைய பாவின் இழைகளைப் புதுப் பாவோடு முடிந்து புணைக்க உட்கார்ந்தால் ஒவ்வொரு முடிச்சும் சுட்டது. வீட்டில் பயிற்சி செய்வதற்கோ வழியே இல்லை. தறி ஓடும்போது கிட்டார் கேட்காது. மின்சாரம் போனால் தறி நிற்கும், வீடு அமைதியாகும். ஆனால் அப்போது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பும் ஓடாது. மின்சாரம் போன இரவுகளில், உயிரில்லாத கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கட்டையில் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருப்பாள். பாலசுந்தரம் உள்ளே இருந்து சத்தம் போடுவார்: "யாரோ கதவத் தட்டறாங்கன்னு ரெண்டு தடவ எந்திரிச்சு வந்து பாத்துட்டேன். நீதானா?"

"நான்தான். போயிப் படுங்க."

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத ஒன்று மூன்றாம் மாதம் வந்தது. ஸ்லாப் வாசிப்பில் சுரமே இல்லாத அடிகள் உண்டு. இடது கையால் கம்பியை அமுக்கி வைத்துக்கொண்டு வலது கையால் அடித்தால் 'டக்' என்று கட்டைச் சத்தம் மட்டும் வரும். கணீர், டக், கணீர், டக் டக் என்று அந்தச் செத்த அடிகள் நடுவில் விழுந்தால்தான் ஓட்டம் பிறக்கும். சாரதாமணி 'டக்' அடிப்பாள். அடித்ததும் அவள் கை தானாக நின்றுவிடும்.

"ஏன் நிப்பாட்டுனீங்க?" என்றாள் ஷாலினி.

"சத்தம் மாறிப் போச்சுங்களே."

"மாறணும். அதுக்குத்தான் அந்த அடி."

"தறியில சத்தம் மாறுச்சுன்னா இழை அறுந்துருச்சுன்னு அர்த்தமுங்க. அப்பவே நிப்பாட்டாட்டி அரை மொழம் துணி கெட்டுப் போயிரும்."

"இங்க துணி எங்க இருக்கு?"

"இல்லீங்க. எனக்குத் தெரியுது. கைக்குத் தெரிய மாட்டீங்குது."

ஷாலினி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலைக்குத் தெரிவதும் கைக்குத் தெரிவதும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு ஓரகத்திகள். ஒருத்தி சமைத்ததை இன்னொருத்தி தொட மாட்டாள். இருபது வருடமாக, சத்தம் பிசகினால் உடனே நில் என்று அந்தக் கைக்கு உழைப்பு ஓயாமல் சொல்லி வந்திருக்கிறது. அந்தச் சொல்லை மீறு என்று ஒரு சனிக்கிழமை வகுப்பு சொன்னால் எடுபடுமா? சாரதாமணி தினமும் முயன்றாள், தினமும் நின்றாள், தினமும் எரிச்சல் பட்டாள். சில நாட்களில் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுக்கிற வேகத்தில் அது பாதியில் சிக்கிக்கொண்டு, அதனோடும் சண்டை போட்டாள்.

ஆடி முடியும்போது பதினாறில் எட்டு ஒழுங்காக வந்தது. மீதி எட்டு, வந்தால் வந்தது. ஷாலினி கேட்டுவிட்டு, "மோசமில்ல" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் சொல்வாளா என்று சாரதாமணி படியிறங்கும்வரை பார்த்தாள்.

சேந்தமங்கலம் மண்டபத்துக்கு அவர்களுடைய வேன் நாலரை மணிக்கே போய்விட்டது. எதிரே கொல்லிமலையின் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக ஒலிச் சரிபார்ப்பு நேரத்தில் சாரதாமணிக்கு வேலை இருக்காது. சவுண்ட் பார்க்கும் சின்னுசாமி ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அவள் முறையில் மட்டும், "அக்காளுது ஓகேங்க" என்று தூரத்திலிருந்தே கை காட்டிவிடுவார். அதை அவள் தன் மேல் உள்ள நம்பிக்கை என்று எண்ணியிருந்தாள். இன்றைக்கு ஸ்லாப் அடித்தால் ஒலி குத்துமே, கொஞ்சம் கூர்மையைக் குறைக்கச் சொல்வோம் என்று, எல்லா வாத்தியங்களின் ஒலியும் வந்து சேரும் மிக்சர் இருந்த மேசைக்கு அவளே போனாள்.

மிக்சரில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் மேலும் கீழும் நகர்த்துகிற பொத்தான்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை டேப் ஒட்டி யாருடைய சேனல் என்று எழுதியிருந்தது. எல்லாப் பொத்தான்களும் பாதி உயரத்தில் இருந்தன. ஏழாவது மட்டும் அடியோடு அடியாகக் கிடந்தது. டேப்பில் 'பேஸ்' என்று எழுதியிருந்தது.

"இது எதுக்குங்க கீழ கெடக்குது?"

சின்னுசாமி துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த மிக்சரை மறுபடி துடைத்தார். "அது அப்படித்தானுங்க்கா இருக்கும்."

"எப்பயிருந்து அப்படி?"

"உங்களுக்கு அந்த மூட்டுக் காய்ச்சல் வந்துச்சு பாருங்க. அப்பயிருந்துங்க."

அந்தக் காய்ச்சல் வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இரண்டு மாதம் அவளால் நிற்கவே முடியவில்லை. அப்போது கௌதமன் கீபோர்டின் இடது ஓரத்துக் கட்டைகளில் பேஸையும் சேர்த்து வாசித்துச் சமாளித்தான். சின்னுசாமி ஏழாவது சேனலை ஒலி வெளியே போகாதபடி இறக்கி வைத்தார். அவள் திரும்பி வந்தாள், மேடையில் நின்றாள், வாசித்தாள். கௌதமனின் இடது கை பழகிய வேலையை விடவில்லை. சேனலை ஏற்றச் சொல்லி யாரும் சின்னுசாமியிடம் சொல்லவில்லை. இறக்கியதற்குக் காரணம் இருந்தது. ஏற்றாமல் விட்டதற்கு ஆள் இல்லை. பெரும்பாலான அநியாயங்கள் இப்படி எவரும் முடிவெடுக்காமலேயே நடந்துவிடுகின்றன. கோபப்பட முகம் தேடினால் எல்லோரும் அப்பாவியாக நிற்பார்கள்.

அவளுக்குப் பின்னால் மேடையில் ஒரு சிறிய ஆம்ப் இருந்தது. அதில் அவள் வாசிப்பது அவளுக்குக் கேட்கும், பக்கத்து ட்ரம்ஸ்காரருக்குக் கொஞ்சம் கேட்கும். அவ்வளவுதான். யாராவது செல்போனில் எடுத்த வீடியோவை வீட்டில் போட்டுப் பார்க்கும்போது பேஸ் அழகாகக் கேட்கும். தன்னுடையது என்றுதான் மூன்று வருடமும் கேட்டிருந்தாள்.

பாலசுந்தரம் மேடையின் பக்கவாட்டில் பாட்டுப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஏழாவது சேனல் கீழ கெடக்குது."

ஏழாவது எது என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"மூணு வருசமாவா?"

"மொதல்ல நானும் கவனிக்கல, மணி. கவனிக்கறப்ப ஆறு மாசம் ஆயிருச்சு. ஆறு மாசங்கழிச்சு வந்து எப்படிச் சொல்றது? நீ வருத்தப்படுவியேன்னு உட்டுட்டேன். அப்புறம் ஒரு வருசமாயிருச்சு. ஒரு வருசங்கழிச்சுச் சொன்னா இன்னும் வருத்தப்படுவ."

"அதனால மூணு வருசம் கழிச்சு நானே பாத்துக்கட்டும்னு உட்டுட்டீங்க."

"நீ நல்லாத்தான் வாசிச்ச."

"கேட்டீங்களா?"

அவர் பாட்டுப் பட்டியலைப் பார்த்தார்.

அழுகை வரும் என்று சாரதாமணி ஒரு கணம் காத்து நின்றாள். வரவில்லை. வந்தது எரிச்சல். கொப்புளம் உடைய உடைய, பஸ்ஸில் நின்றபடி போய், பெண் வயசுக்காரியிடம் பல்லைக் கடிக்காதே என்று பேச்சு வாங்கி, பதினாறு எண்ணிக்கைக்காக ஆறு மாதம் அடித்திருக்கிறாள். அந்தப் பதினாறும் பின்னால் இருக்கும் சிறிய ஆம்ப்பைத் தாண்டி வெளியே போயிருக்காது.

"பதினாறு வேண்டாங்க. இன்னைக்கு முழுக் கச்சேரியும் அந்தச் சேனல் மேல இருக்கோணும்."

"மணி, பெரிய எடத்துக் கல்யாண ஊடு. வெளையாடற எடமா இது? அடுத்த கச்சேரிக்குப் பாத்துக்கலாம்."

"சரி. அப்ப இன்னைக்கு நான் மட்டும் மேடைக்கு வாரேன், கிட்டாரு வேன்லயே இருக்கட்டும். வெறுங்கையில வெரல ஆட்டிட்டு நிக்கறேன். கூட்டத்துக்கு என்ன வித்தியாசம் தெரியப் போகுது?"

பாலசுந்தரம் அவள் முகத்தைப் பார்த்தார். செய்யக்கூடியவள்தான். அவர் இணங்கியதற்கு நியாய உணர்ச்சி காரணம் என்று சொல்வதற்கில்லை. வெறுங்கையோடு மனைவி மேடையில் நிற்கும் காட்சி கண்ணில் ஓடியதுதான் காரணம். சின்னுசாமியைப் பார்த்துத் தலையசைத்தார்.

கௌதமனுக்குத்தான் பொறுக்கவில்லை. "அக்கா, திடீர்னு எடது கைய எடுங்கறீங்க. எடுத்து அத எங்கக்கா வெக்கறது? மூணு வருசமா அது அங்கயே கெடந்து பழகிருச்சு."

"பாக்கெட்டுக்குள்ள வெய்யி சாமி."

ஆறரைக்குக் கச்சேரி தொடங்கியது. முதல் பாட்டில் முதல் அடியைப் போட்டதும் சாரதாமணி திடுக்கிட்டாள். மண்டபத்தின் இரு ஓரத்திலும் ஆள் உயரத்துக்கு நின்ற பெட்டிகளிலிருந்து அவள் விரல் பேசியது. தன் குரலைப் பதிவில் முதல்முறை கேட்பவர்களைப் போல, இது நான்தானா என்று இருந்தது. பதற்றத்தில் தாளத்தை முந்தினாள். சரணத்தில் ஒரு சுரம் தப்பாக விழுந்தது. அது ஒளிந்துகொள்ள இடமில்லாமல் மண்டபம் முழுக்கப் பரவி நின்றது. முன்வரிசையில் ஒரு பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ட்ரம்ஸ்காரர் அவளைத் திரும்பிப் பார்த்து முறைத்தார். மூன்று வருடமாக அவர் அப்படி முறைத்ததில்லை. முறைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. யாரும் குறை சொல்லாத அந்த வருடங்களில் தான் எத்தனை தப்பு வாசித்தோம் என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு அவளுக்கு ஆறுதலாக இல்லை.

எட்டாவது பாட்டு முடிந்ததும் அறிமுகம். ட்ரம்ஸ் உருண்டது. கௌதமன் வலது கையால் மட்டும் ஓடினான், இடது கையை நிஜமாகவே தொடையில் வைத்திருந்தான். "பேஸ் கிட்டார், திருமதி சாரதாமணி" என்றார் பாலசுந்தரம். பழக்கத்தில் அடுத்த வரிக்கு மூச்சு இழுத்தவர், இழுத்த மூச்சோடு நின்றார்.

முதல் எட்டு எண்ணிக்கை அவள் கேட்டபடி வந்தது. கட்டைவிரல் அடித்தது, விலகியது. ஆள்காட்டி விரல் தெறித்தது. நடுவில் விழுந்த 'டக்'குகள் விழ வேண்டிய இடத்தில் விழுந்தன. ஒன்பதில் விரல் கம்பியில் உட்கார்ந்துவிட்டது. கேட்டிராத ஒரு மொட்டைச் சத்தம் இரண்டு பெட்டிகளிலும் இடித்தது. அவள் கை நிற்கப் போனது. அரை எண்ணிக்கை நின்றும்விட்டது. இங்கே அறுந்த இழை எதுவும் இல்லை என்று தலை சொல்லிக் கை கேட்டதா, அல்லது வெறும் எரிச்சலில் அது தானாக ஓடியதா என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. மறுபடி எடுத்தாள். பதினொன்றிலிருந்து தாளத்துக்குள் வந்து சேர்ந்தாள். கடைசியில் நான்கு கம்பிகளையும் வாரி முடித்தபோது அடிக்கம்பியை இடது கை அடக்க மறந்தது. அது 'ஹூம்' என்று இரைந்துகொண்டே இருந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்தியது.

கைதட்டல் கீபோர்டுக்கு வந்ததில் பாதி வந்தது. அதற்குள் பந்திக்கு அழைத்துவிட்டார்கள், நிறையப் பேர் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். நன்றாக வாசித்தாள் என்று யாராவது சொன்னால் அது உண்மையாக இருக்காது. பதினாறில் பன்னிரண்டு தேறும்.

எல்லாம் முடிந்து சாமான்களை வேனில் ஏற்றும்போது பாலசுந்தரம் அவள் பக்கத்தில் வந்து நின்றார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். சமாதானமாக ஏதாவது சொல்லப் போகிறார் என்று அவள் எரிச்சலோடு காத்திருந்தாள்.

"மொதப் பாட்டுல நீ முன்னால ஓடற."

"அவரு இழுத்தாரு. ட்ரம்ஸ்காரரு."

"அவரு சரியாத்தான் அடிச்சாரு. நீதான் ஓடுன. நாலாவது பாட்டுல பல்லவி திரும்பற எடத்துல வேற சுரம். ரெண்டு தடவ."

"ரெண்டு தடவையா?"

"ஆமா. ரெண்டு. நல்லாக் கேட்டுச்சு."

"மூணுங்க," என்றாள் சாரதாமணி, கிட்டார் உறையின் ஜிப்பை இழுத்தபடி. "மூணாவது உங்களுக்குக் கேக்கலியா?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். மூன்றாவது எங்கே என்று கேட்டார். பல்லவியிலா, சரணத்திலா என்று கேட்டார். மனதுக்குள் பாட்டை முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஊர் திரும்பும் வழியில் வேன் புதன்சந்தை தாண்டும்வரை அவள் சொல்லவில்லை.